குனிகுண்டேயின் மணல்மேடு

ரேபன்வைலர், 11 மே 1997

என் மருமகள் அல்முத்துக்கு,

ரைன் நதியை நாற்பது வருடம் படகில் கடந்து கடந்து, கடைசியில் புறப்பட்ட கரையிலேயே ஓய்வு பெற்ற உன் தாய்மாமன் ஒட்மார் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் எழுந்தால் அது உட்காருகிறது. நீ நலமா? அந்த வடகடல் மணல்திட்டில் உன்னையும் முப்பதாயிரம் பறவைகளையும் தவிர வேறு ஜீவன் இல்லை என்கிறாய். வாரத்துக்கு ஒரு முறை ஹின்னர்க் படகில் கொண்டு வரும் உருளைக்கிழங்கை நீயே சாப்பிடு, பறவைகளுக்குப் போடாதே. அப்புறம், ஏன் பென்சிலில் எழுதுகிறாய்? அரசாங்கம் உனக்கு மை கொடுக்கவில்லையா?

உன் கடிதம் வந்தது. அதற்குள் வீட்டுத் தரகருக்கான கடிதமும் இருந்தது. அக்டோபரில் பறவைக் காவல் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே ஃபாரோ தீவுகளுக்குப் போகிறாய், இரண்டு வருடம் அங்கேயும் பறவை எண்ணுவாய், அதனால் உன் அம்மாவின் வீட்டை வாடகைக்கு விட வேண்டும், ஆமையை விலங்குப் பூங்காவுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் புரிந்தது. நீ தபாலில் சேர்க்கச் சொன்ன கடிதம் என் கோட்டுப் பையில் இருக்கிறது. கோட்டு ஆணியில் இருக்கிறது. ஆணி சுவரில் இருக்கிறது. சகலமும் ஒழுங்கு.

ஒழுங்கில்லாதது பூங்காவுக்குப் போகவேண்டிய மகாராணி குனிகுண்டே ஒருத்திதான். ஐந்து நாளாக டான்டலியன் இலையைத் தொடவில்லை. சுவரோரமாகக் கிழக்கே போகிறாள், மேற்கே வருகிறாள். நேற்று மட்டும் நாற்பத்தொரு கிலோமீட்டர், நானே எண்ணினேன். பிறகு பூவாளியின் மேல் ஏறி, மதில் தாண்டப் பார்த்து, மல்லாக்க விழுந்து, வானத்தைப் பார்த்துக் கால் வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பியூலர் எட்டிப் பார்த்து, "என்ன ஒட்மார், உங்க ஆமை நீச்சல் பழகுதா?" என்கிறான்.

இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஓரிடத்தில் கால் நிற்காது என்று நினைத்துக்கொண்டேன். எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

உன் அம்மாவின் அடுக்களையிலிருந்து,
மாமா ஒட்மார்


காவல் குடில், 19 மே

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் நலமா? தனியாகப் போன முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பென்சில் ஏனென்றால், இங்கே எல்லாமே நனையும். மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. என் பதிவேடுகள்கூடப் பென்சில்தான்.

தரகர் கடிதத்தைச் சேர்த்துவிட்டீர்களா? கோட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தபால் பெட்டியைப் பற்றி எழுதவில்லை.

குனிகுண்டேக்கு மண்ணை முகர்ந்து பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறதா, பின்கால்களால் தோண்டுகிறாளா என்று கவனியுங்கள். முட்டையிட இடம் தேடும் ஆமை அப்படித்தான் அலையும் என்று அம்மாவின் புத்தகத்தில் படித்த ஞாபகம். ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். முப்பது வருடம் ஒவ்வொரு ஏப்ரலிலும் அம்மா அந்த மணல்மேட்டைக் குவித்து, கல் பொறுக்கி, கையால் தட்டி வைத்தாள். ஒரு முட்டைகூட வரவில்லை. இந்த ஏப்ரலில் குவிக்க அவள் இல்லை.

லைலாக் பூத்திருக்குமே? ஒரு கொத்தைப் புத்தகத்தில் அழுத்தி அனுப்புங்கள்.

அல்முத்


ரேபன்வைலர், 2 ஜூன்

உலகம் அறியவேண்டிய செய்தியை முதலில் அறியும் என் மருமகளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுவாய், கீழே கூடு இருக்கும், சட்டச் சிக்கலாகும்.

மே முப்பத்தொன்று, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. நான் அடுக்களையில் அஸ்பாரகஸ் தோல் சீவிக்கொண்டிருக்கிறேன். மணல்மேட்டை இந்த ஏப்ரலில் நான்தான் குவித்தேன் என்பதை உனக்குச் சொல்லவில்லை. உன் அம்மா குவித்த மாதிரி வரவில்லை, மோல் எலி தோண்டிய மாதிரி இருந்தது. அந்த மேட்டில் மகாராணி ஏறி, எனக்குப் பின்பக்கம் காட்டி நின்று, ஒரு கால், மறு கால் என்று மாற்றி மாற்றித் தோண்ட ஆரம்பித்தாள். சூயஸ் கால்வாய்கூட இத்தனை நிதானமாகத் தோண்டப்பட்டிருக்காது. மூன்று மணி நேரம். நான் மூச்சு விடவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு கரியாகி, கரியும் ஆவியாகிவிட்டது. முட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றையும் பின்காலால் தடவி ஓரமாக ஒதுக்கினாள், உன் அம்மா இழுப்பறையில் கரண்டி அடுக்குவது போல. ஐந்து. பிறகு மூடி, தன் வயிற்றாலேயே தட்டிச் சமன் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் டான்டலியன் தின்றாள்.

இதில் ஒரு குடும்ப அவமானமும் இருக்கிறது. அவள் புருஷன், ஆண் ஆமை ஹைன்ரிஷ், செத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் பேக்கரிக்கு ஓடி ஹெட்விக்கைக் கூட்டி வந்தேன். அவள் பதினொரு ஆமை வளர்ப்பவள், குளிர்காலத்தில் அவற்றை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் தூங்க வைப்பவள்.

"ஹெட்விக், இவ விதவை. எப்படி நடந்தது இது?"

"போய்யா. ஆமைக்குப் புருஷன் ஒரு தடவை வந்துட்டுப் போனா நாலு வருஷத்துக்குப் போதும். உள்ளயே சேத்து வச்சுக்கும். உனக்கு ஏன் வேர்க்குது?"

முட்டைகளைக் கரண்டியால் எடுத்து வந்தாயிற்று. பழைய மீன் தொட்டி, அடியில் தண்ணீர், தண்ணீரில் மீன் ஹீட்டர், இரண்டு செங்கல், அதன்மேல் மணல் பெட்டி. முப்பத்திரண்டு டிகிரி. எனக்குக்கூட இத்தனை வசதியான படுக்கை வாய்த்ததில்லை.

லைலாக் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருடம் அது மிகவும் அடக்கமாக இருந்துவிட்டது.

நலம் நலமறிய,
ஐந்து முட்டைக்குத் தற்காலிகத் தாய்,
ஒட்மார்


காவல் குடில், 9 ஜூன்

அன்புள்ள மாமா,

கடிதத்தை ஹின்னர்க்கின் படகிலேயே நின்றுகொண்டு படித்துவிட்டேன். "என்ன பொண்ணே, யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்டார். "ஆமை முட்டை போட்டிருக்கு" என்றேன். "அட, எங்க வீட்டுக் கோழியும் போடுது" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றும் செய்திருக்க மாட்டாள். மேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதிருப்பாள்.

முக்கியமான ஒன்று. முட்டைகளைத் திருப்புங்கள். இங்கே ஆலாப் பறவைகளை நாள் முழுக்கப் பார்க்கிறேன்; அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து அலகால் முட்டையை உருட்டி வைக்கின்றன. திருப்பாவிட்டால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் சிலுவைக்குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் மறக்காமல் திருப்புங்கள். நீங்கள் வாத்து அடைவைத்தவர்தானே.

இப்படி இரண்டு பக்கம் நான் யாருக்கும் எழுதி நாளாகிறது. இந்த ஐந்தில் ஒன்று பொரிந்தால்கூட, அதை ஒருமுறை பார்க்காமல் போவது கஷ்டம்தான். பார்ப்போம்.

தரகர்? லைலாக் கொத்து?

அல்முத்


ரேபன்வைலர், 21 ஜூன்

என் மருமகளுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய். ஹின்னர்க் நலமாக இருப்பார். பியூலர் தேவைக்கு அதிகமாகவே நலமாக இருக்கிறான்.

இங்கே நல்ல வெயில். மூன்று நாளில் அஸ்பாரகஸ் காலம் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு தண்டு வெட்டினாலும் ஊர் விலக்கு என்பது உனக்குத் தெரியும். கடைசிக் கட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் என் உயரம்.

நேற்று ஹெட்விக் வந்தாள். காப்பி குடித்தாள். முட்டைகளைப் பார்த்தாள். பிறகு பத்து நிமிடம் பேசாமல் இருந்தாள். ஹெட்விக் பத்து நிமிடம் பேசாமல் இருந்தது இந்த ஊர் வரலாற்றில் முதல் தடவை. தேவாலய மணிகூட ஆச்சரியத்தில் கால் மணி தாமதமாக அடித்தது.

முட்டைகள் தங்கள் இடத்தில் இருக்கின்றன. யாரும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை.

குனிகுண்டே மறுபடியும் கொஞ்சம் நடக்கிறாள்.

மாமா


காவல் குடில், 3 ஜூலை

அன்புள்ள மாமா,

நலம். மூன்று நாள் புயல். உயர் அலை வந்து கிழக்குக் கரை ஆலாக் கூடுகளில் பாதியைக் கொண்டு போயிற்று. பதிவேட்டில் "இழப்பு 212" என்று எழுதினேன். எழுதியபின் குடிலுக்குள் வந்து கையைக் கழுவினேன், ஏனென்று தெரியவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தில் எண்ணே இல்லை. வெப்பம் எத்தனை, எந்த முட்டை எத்தனை கிராம், கரு வளர்வதைக் காட்டும் வெண்பட்டை ஓட்டில் பரவியிருக்கிறதா? இன்று முப்பத்துமூன்றாவது நாள். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் பொரியவேண்டும். என் குடில் சுவரில் கோடு போட்டு வருகிறேன்.

ஃபாரோ ஒப்பந்தம் வந்திருக்கிறது. செப்டம்பர் பதினைந்துக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இன்னும் கையெழுத்திடாமல், பிரித்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

உடனே எழுதுங்கள்.

அல்முத்


காவல் குடில், 6 ஆகஸ்ட்

அன்புள்ள மாமா,

ஹின்னர்க்கின் படகு நாலு தடவை வந்துவிட்டது. உங்களிடமிருந்து ஒரே ஒரு பட அட்டை, அதில் ரைன் நதியின் படமும் "வெயில் அதிகம்" என்ற வாக்கியமும்.

இன்று அறுபத்தேழாவது நாள். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அது மட்டும் முதலில். அப்புறம் முட்டை.

அல்முத்


ரேபன்வைலர், 14 ஆகஸ்ட்

அல்முத்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருடம் பயணிகளுக்கு ஓயாமல் கதை சொன்ன வாய் இது.

ஐந்தும் போய்விட்டன.

நான் அவற்றைத் திருப்பினேன். ஏழு நாள், காலையும் மாலையும், தாயத்து கட்டுகிற பக்தியோடு. ஜூன் இருபதாம் தேதி ஹெட்விக் வந்து பார்த்தபோது என் கையில் மூன்றாவது முட்டை இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்து, "ஒட்மார், ஆமை முட்டையத் திருப்பக் கூடாது. குஞ்சு மேல்பக்கம் ஒட்டிக்கிட்டு வளரும். கவுத்தா மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாள். அப்படியும் நான் நம்பிக்கையை விடவில்லை. போன வாரம் அவள் விளக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. தோட்டத்தில் புதைத்தேன்.

வாத்து வளர்த்தவன் புத்தி. என் கை, என் முட்டாள்தனம். நீ ஜூனில் எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏதாவது யோசனை சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரியாது. ஹின்னர்க்கின் மீன் தண்ணீர் பட்டு அந்தப் பக்கம் முழுக்கக் கரைந்துவிட்டது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்.

இன்னொன்று. லைலாக் அடக்கமாக இல்லை. லைலாக்கே இல்லை. நீ போன அடுத்த வாரம், குருத்தோலை ஞாயிறன்று, கைரம்பத்தால் அடியோடு அறுத்தேன். பியூலர் மதில் மேலிருந்து, "ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்குதே ஒட்மார்" என்றான். "என் ரம்பத்துக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். என் முகத்தைப் பார்த்திருப்பான் போல, உள்ளே போய்விட்டான். மே மாதம் அது பூக்கும். அதன் கீழே நாற்காலி இருக்கும். நாற்காலியில் உன் அம்மா ரோஸ்விதா இருக்க மாட்டாள். என்னால் ஆகாது என்று பட்டது. அவ்வளவுதான் காரணம்.

அறுத்த பிறகுதான் பார்த்தேன், மணல்மேட்டில் வெயில் விழுந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. ஹெட்விக் சொல்கிறாள், நிழல் மண்ணில் எந்த ஆமையும் முட்டையிடாது, உள்ளேயே அடக்கிக்கொள்ளும் என்று. அந்த லைலாக், உன் அம்மாவின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த செடி. முப்பது வருடம் என் தங்கை காத்திருந்ததற்குக் குறுக்கே நின்றது என் பரிசு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது, உன்னைத் தவிர.

கடைசியாக ஒன்று. ஜூன் இருபத்தெட்டில் குனிகுண்டே மறுபடி தோண்டினாள். மூன்று முட்டை. மேல்பக்கம் பென்சிலால் ஒரு சிலுவைக்குறி போட்டுத் தொட்டியில் வைத்தேன். அந்தக் குறி இன்றுவரை கூரையைப் பார்த்தபடி இருக்கிறது. இதுவும் போனால் நீ இரண்டு தடவை துக்கப்பட வேண்டாம் என்று எழுதவில்லை.

மாமா


காவல் குடில், 27 ஆகஸ்ட்

அன்புள்ள மாமா,

நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிகிறது.

ஹின்னர்க்கிடம் கேட்டேன். ஜூனில் அவர் படகில் மீனே இல்லை, அவர் வாதம் வந்து படுத்து அப்போதுதான் எழுந்திருந்தார். தவிர, நான் எழுதியது பென்சிலில். வடகடலே பாய்ந்தாலும் அது கரையாது. உங்களுக்கு அதை மே மாதமே எழுதியிருக்கிறேன்.

அதனால் என் பங்கை எனக்குக் கொடுங்கள். திருப்பச் சொன்னவள் நான். ஆலா முட்டையிட்ட இடத்திலேயே உட்கார்ந்து திருப்பும். ஆமை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். பருவம் முழுக்க முட்டைகளோடு இருக்கும் நான் இந்த வித்தியாசத்தை யோசிக்கவில்லை.

லைலாக் விஷயம். மார்ச் ஒன்றிலிருந்து செப்டம்பர் கடைசி வரை புதரையோ வேலியையோ வெட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம் என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஊரில் வீடு வீடாகப் போட்டவள் நான். உங்கள் கையிலும் கொடுத்தேன். நீங்கள் அதில் பாலாடைக்கட்டி பொதிந்து எடுத்துப் போனீர்கள். இரண்டு நாள் உங்கள்மேல் அப்படிக் கோபம், பறவைகள்கூட என் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் கோபம் நிற்கவில்லை. அது பூப்பதைப் பார்க்கவேண்டாம் என்றுதான் நான் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தேன். நீங்கள் ரம்பத்தை எடுத்தீர்கள். ஒரே வேலையை இரண்டு பேரும் செய்திருக்கிறோம். அம்மா உங்களைத் திட்டியிருப்பாள். அப்புறம் வெயிலைப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா மேல நிமிர்ந்து பாக்காம விட்டேனே" என்று தன்னையும் திட்டியிருப்பாள்.

அடிக்கட்டையிலிருந்து துளிர் வரும். மேட்டுப் பக்கம் வருவதை மட்டும் வெட்டவேண்டும். அக்டோபரில்.

சுவரில் புதிதாகக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். இன்று அறுபது.

அல்முத்


ரேபன்வைலர், 6 செப்டம்பர்

அல்முத்,

நேற்று மதியம் ஒன்று வெளியே வந்தது. பன்னிரண்டு கிராம். ஹெட்விக் தன் ஈஸ்ட் நிறுக்கும் தராசில் நிறுத்தாள்.

இரண்டாவதில் விரிசல் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை.

நான் எதையும் தொடவில்லை.

ஒட்மார்


காவல் குடில், 13 செப்டம்பர்

அன்புள்ள மாமா,

பன்னிரண்டு கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தொரு கிலோமீட்டர் ஆமையை நடக்கவிட்ட நீங்கள். பன்னிரண்டு டன் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன், இப்போது பயமாக இருக்கிறது. உங்கள் கையெழுத்துதானா என்று ஹின்னர்க்கிடம் காட்டினேன். "கோடு நடுங்கியிருக்கு பொண்ணே, ஆள் நெசமாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

நான் வந்து நிறுக்காமல் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குஞ்சு நிறுக்கும் தராசு என்னிடம் இருக்கிறது. அக்டோபர் நான்காம் தேதி மாலை ரயில். வெங்காய கேக்கும் புது ஒயினும் இருந்தால் போதும், வேறு ஆடம்பரம் வேண்டாம், வாத்தியம் எதுவும் ஏற்பாடு செய்யாதீர்கள். இரண்டாவது வந்ததா? மூன்றாவது வராவிட்டால் அப்படியே வையுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

ஃபாரோ ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் இன்றைய படகில் திருப்பி அனுப்புகிறேன்.

தரகர் கடிதத்தைப் பற்றி நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டாம். தரகர்கள் மூன்று நாளில் பதில் போடுகிற ஜாதி; நீங்கள் அதைச் சேர்க்கவில்லை என்று ஜூன் முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஹின்னர்க்கிடம், "தரகர்கிட்டருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு குடிலுக்கு ஏறிவிடுவேன். இன்னொரு பிரதி எழுத என்னிடம் பென்சில் இல்லாமல் இல்லை.

முழங்காலுக்கும் குனிகுண்டேக்கும் என் விசாரிப்பு.

அல்முத்